18-ஆம் நூற்றாண்டின் மேகநோய் மருத்துவக் குறிப்புகளைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

லண்டனிலோ பாரிசிலோ எடின்பரோவிலோ 18-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு மேகநோய்க் குறிப்பு (மேகநோய் என்பது பாலுறவால் தொற்றும் நோய்) கையில் கிடைத்தால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் கிடைத்துவிடும். ஆனாலும் குறிப்பு என்ன சொல்கிறது என்பது பிடிபடாது. வரலாறு படிக்கும் மாணவர், பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்பவர், அந்தக் காலத்தை வைத்து நாவல் எழுத முனைபவர் ஆகிய அனைவரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். இன்றைய நோய்ப் பெயரையும், 'குணமாயிற்று' என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளையும் அந்தத் தாளுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அன்றைய சிகிச்சையாளர் எதைக் கண்ணால் பார்த்தார், எதை அளந்தார், எப்போது நிறுத்தினார் என்ற மூன்றையும் தேடிக்கொண்டே படிப்பதுதான் சரியான வழி. கீழே சொல்லப்படுவது முழுவதும் அந்த வாசிப்புக்கான வழிகாட்டுதலே. இதில் வரும் மருந்துகள் பலவும் கொடிய நஞ்சுகள் என்பதையும், இன்று இந்நோய்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் மருத்துவமனைகளில் கிடைக்கின்றன என்பதையும் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

முதலில் நோயின் பெயரைப் பிரித்தறிய வேண்டும். ஆங்கிலக் குறிப்புகளில் 'கிளாப்', 'பாக்ஸ்' என்ற இரு சொற்கள் அடிக்கடி வரும். சிறுநீர்த்தாரையில் எரிச்சலும் சீழ் ஒழுக்கும் இருந்தால் கிளாப். நம்மிடையே வெட்டை என்று சொல்லப்பட்டதற்கு அது நெருக்கமானது; இன்றைய பெயர் கொனோரியா. குறியில் கடினமான புண், தொடை இடுக்கில் அரையாப்பு எனப்படும் வீக்கம், பிறகு உடல் முழுதும் தடிப்பு, தொண்டைப் புண், இரவில் கூடும் எலும்பு வலி, மூக்குத்தண்டு அழிதல் என்று போனால் பாக்ஸ். நம் வழக்கில் கிரந்தி அல்லது பறங்கிப்புண்; இன்றைய பெயர் சிஃபிலிஸ். இவை இருவேறு நோய்கள் என்று இன்று நமக்குத் தெரியும். முன்னதற்குக் காரணமான கிருமியை நைசர் 1879-இலும், பின்னதற்குக் காரணமான கிருமியை ஷாவ்டின், ஹோஃப்மான் இருவரும் 1905-இலும் கண்டறிந்தார்கள். ஆனால் 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஒரே நஞ்சின் இரண்டு முகங்களாகவே கொண்டார்கள். கவனிக்காமல் விட்ட கிளாப் முற்றி பாக்ஸ் ஆகும் என்பது அவர்களுடைய உறுதியான எண்ணம். ஆகவே குறிப்பில் 'வெனிரியல்' (மேகநோய் சார்ந்தது) என்று மட்டும் இருந்தால் அதை 'சிஃபிலிஸ்' என்று மொழிபெயர்ப்பது பிழை. எழுதியவருக்கே இல்லாத ஒரு துல்லியத்தை அவர் வாயில் நாம் வைப்பதாகும் அது.

குறிப்பின் ஆண்டைப் பார்ப்பதும் இதனாலேயே முக்கியம். லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1767-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சோதனை செய்தார். வெட்டை நோயாளியிடமிருந்து எடுத்த சீழை ஒரு சிறு கத்தியின் முனையில் தோய்த்து, ஆண்குறியின் மொட்டிலும் முன்தோலிலும் குத்தினார். புண் தோன்றியது, அரையாப்பு வந்தது, பிறகு தொண்டையிலும் தோலிலும் பாக்ஸ் அடையாளங்கள் வந்தன. எல்லாம் அடங்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. சீழ் தந்தவருக்கு இரண்டு நோய்களும் ஒருசேர இருந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய விளக்கம். ஹண்டரோ இரண்டும் ஒன்றே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம் என்று முடிவு கட்டி, 1786-இல் வெளியிட்ட தம் நூலில் அதை எழுதினார். குத்தப்பட்டவர் அவரேதானா, வேறொருவரா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. தம் உடலில்தான் செய்துகொண்டார் என்று ஐயமின்றி எழுதும் கட்டுரைகளை அப்படியே ஏற்க வேண்டாம். எடின்பரோவின் பெஞ்சமின் பெல் 1793-இல் இரண்டும் வேறுவேறு என்று வாதிட்டார். பாரிசின் ஃபிலிப் ரிக்கோர் 1838-இல் அதை நிலைநாட்டும் வரை ஹண்டரின் பெயருக்கிருந்த எடையே வென்றது. 1793-க்குப் பிந்தைய எடின்பரோக் குறிப்பு என்றால் எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துவிட்டே மேலே படிக்க வேண்டும்.

கிளாப்புக்கான சிகிச்சையைக் கண்டுகொள்வது எளிது. அதை வீக்கமும் சூடும் கொண்ட நோயாகக் கருதியதால், இரத்தம் எடுத்தல், பேதி கொடுத்தல், வெடியுப்பு கலந்த குளிர்ச்சியான நீர், வாற்கோதுமைக் கஞ்சி, ஆளிவிதைக் கசாயம், மதுவும் மசாலாவும் இறைச்சியும் விலக்கிய பத்தியம் என்று வரிசையாக வரும். சூடு தணிந்தபின் கோபைபா மரப்பிசின் எண்ணெயோ டர்பென்டைனோ உள்ளுக்குத் தரப்படும். துத்தநாக உப்பு அல்லது ஈய உப்பு கரைத்த நீரைச் சிறு பீச்சாங்குழலால் சிறுநீர்த்தாரைக்குள் செலுத்துவார்கள். பீச்சும் முறை பற்றிச் சண்டை இருந்தது: ஒழுக்கைச் சட்டென்று அடைத்தால் நஞ்சு உடலுக்குள் திரும்பிவிடும் என்று அஞ்சியவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்த்தாரை குறுகிவிட்டால், மெழுகு தோய்த்த துணியைச் சுருட்டிச் செய்த மெல்லிய குச்சியைச் செலுத்தி அகலப்படுத்துவார்கள். ஹண்டரின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. வெறும் ரொட்டியை உருட்டி மாத்திரை என்று கொடுத்தபோதும் கிளாப் நோயாளிகள் தேறினார்கள் என்பதைக் கவனித்து, இந்நோய் காலப்போக்கில் தானாகவே அடங்கக்கூடியது என்று அவர் எழுதினார். தவறான கொள்கையை வைத்துக்கொண்டே இவ்வளவு நேர்மையாகப் பார்க்க முடிந்திருக்கிறது.

பாக்ஸ் என்றால் பாதரசம். இங்கே சொற்களில் மிகுந்த கவனம் தேவை; தமிழ் வாசகருக்கு ஒரு வசதியும் உண்டு. சித்த மருத்துவச் சரக்குகளின் பெயர் தெரிந்தவருக்குப் பாதரசச் சேர்மங்களின் இந்தப் பட்டியல் புதிதன்று. 'மெர்க்யூரியஸ் டல்சிஸ்' என்றும் 'கலோமல்' என்றும் வருவது பூரம். 'கரோசிவ் சப்ளிமேட்' என்பதும், 1788-ஆம் ஆண்டு லண்டன் மருந்து நூலுக்குப் பிறகு 'ஹைட்ரார்ஜிரஸ் முரியாட்டஸ்' என்பதும் வீரம். 'சின்னபார்' என்பது இலிங்கம். பூரத்தைவிட வீரம் மிகக் கொடிய நஞ்சு; இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒன்றை மற்றொன்றாக மாற்றி மொழிபெயர்த்தால், மருத்துவர் நோயாளியை அன்றே கொன்றதாகிவிடும். கையெழுத்துக் குறிப்பில் சொல்லே இல்லாமல், ஒரு வட்டத்தின் மேல் இரு கொம்பும் கீழே ஒரு சிலுவையும் வரைந்திருந்தால் அதுவும் பாதரசம்தான். அது புதன் கோளின் குறி.

அளவுகளையும் இதே இடத்தில் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை. 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூபிள். 60 கிரெயின் ஒரு திராம். 8 திராம் ஒரு அவுன்சு, சுமார் 31 கிராம். மூன்று என்ற எண்ணைப் போல வளைந்த குறி திராமைக் குறிக்கும், அதன் தலையில் இன்னொரு வளைவு சேர்ந்தால் அவுன்சு. அவசரத்தில் படித்தால் இவை மாறிப்போகும். எட்டு மடங்கு பிழை வந்துவிடும். எண்கள் ரோமன் கோடுகளாக இருக்கும்; கடைசிக் கோட்டின் வால் கீழே நீண்டிருப்பது அழகுக்காக அன்று, பின்னால் யாரும் இன்னொரு கோட்டைச் சேர்த்துவிடாமல் இருப்பதற்காக.

பாதரசம் உடலுக்குள் எந்த வழியாகப் போயிற்று என்பது அடுத்த கேள்வி. மிகப் பரவலான வழி களிம்பு. பாதரசத்தின் துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வரை பன்றிக் கொழுப்போடு சேர்த்து நெடுநேரம் அரைத்து, சாம்பல் நீல நிறக் களிம்பாக்குவார்கள். கெட்டியான வகையில் பாதரசமும் கொழுப்பும் ஏறத்தாழச் சம எடை. இரவில் நெருப்புக்கு முன் உட்கார்ந்து, ஒரு திராம் அளவு எடுத்துத் தொடையின் உட்புறத்திலும் கால்களிலும் அது உறிஞ்சப்படும் வரை தேய்க்க வேண்டும். கம்பளி உள்ளாடையை மாற்றக் கூடாது. குளிர் படக் கூடாது. இரண்டாவது வழி புகை: நோயாளியைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு பெட்டிக்குள் அல்லது போர்வைக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து, பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் இலிங்கத்தைத் தூவுவார்கள். மூன்றாவது, உள்மருந்து. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் மருத்துவரான கெரார்ட் வான் ஸ்வீட்டன் வியன்னாவிலிருந்து பரப்பிய கரைசல் இதில் பெயர் பெற்றது: ஒரு அவுன்சு தானியச் சாராயத்துக்கு அரை கிரெயின் வீரம், காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி, அதன்மேல் வாற்கோதுமைக் கசாயம். படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு என்பதால் படைவீரர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது, படைத்தளபதிகளுக்கும்தான்.

களிம்பு முறையின் நோக்கம் எச்சிலைப் பெருக்குவது. இதைப் புரிந்துகொள்ளாமல் அக்காலக் குறிப்பு எதையும் படிக்க முடியாது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலில் இரத்தம் எடுத்து, பேதி கொடுத்து, வெந்நீர்க் குளியலால் உடலைத் தளர்த்துவார்கள். பிறகு தேய்ப்பு தொடங்கும். சில நாள்களில் வாயில் உலோகச் சுவை தட்டும், ஈறு வீங்கும், மூச்சு நாறும், நாக்குத் தடித்துப் பேச்சு குழறும், கன்னத்தின் உட்புறம் வெந்து புண்ணாகும், பல் ஆடும். அப்போது எச்சில் ஊறத் தொடங்கி நிற்காமல் வழியும். படுக்கையருகே ஒரு பாத்திரம் இருக்கும். அதில் ஒரு நாளுக்குச் சேர்வது மூன்று பைண்டு என்றால் சிகிச்சை சரியான வழியில் போகிறது என்று பொருள். அக்கால மருந்துப் பைண்டின்படி அது சுமார் 1.4 லிட்டர். குறைந்தால் களிம்பைக் கூட்டுவார்கள். மிகுந்தால் நிறுத்திப் பேதி கொடுப்பார்கள். ஐந்தாறு வாரம் இப்படியே போகும். மெல்ல முடியாததால் பாலும் கஞ்சியும் சூப்புமே உணவு. குறிப்பில் நாள்தோறும் பைண்டுக் கணக்கு எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் தம் மருந்தின் நஞ்சையே நோய் வெளியேறுவதன் அளவாகக் கொண்டு அளந்துகொண்டிருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட்டால் படிப்பு அங்கேயே நின்றுவிடும். கெட்ட நீர் உடலை விட்டு வெளியேறினால்தான் நோய் தீரும் என்பது பழைய மரபு. அந்த நீரைத்தான் பாத்திரத்தில் கண்கூடாகப் பார்த்தார்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு விளக்கமும் வந்தது: கனமான பாதரச உருண்டைகள் இரத்தத்தில் ஓடி, அடைபட்ட சிறு குழல்களை உடைத்துத் திறக்கின்றன என்று எந்திரவியல் பாணியில் சொன்னார்கள். ஹண்டர் இரண்டையும் தள்ளிவிட்டு, பாதரசம் உடலில் உண்டாக்கும் உறுத்தல் மேகநஞ்சின் உறுத்தலை மேற்கொண்டு அடக்கிவிடுகிறது என்றார். எச்சில் வழிவது தேவையா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. பிரான்சின் மோன்பெலியே நகர மருத்துவர்கள், நாள்களை இடைவெளிவிட்டு மெல்லத் தேய்த்து, எச்சில் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் முறையை நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முன்வைத்தார்கள். ஒரு குறிப்பில் எச்சிலைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் மருத்துவர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்; அவர் இந்த அணியைச் சேர்ந்தவராக இருக்கலாம்.

மரப்பட்டைகளும் வேர்களும் குறிப்பில் வந்தால் அவை பெரும்பாலும் துணை மருந்துகள். மேற்கிந்தியத் தீவுகளின் குவாயாக் மரக்கட்டைக் கசாயம், நன்னாரியின் உறவுபோல் எண்ணப்பட்டாலும் உண்மையில் வேறான சர்சபரில்லா வேர், 'லிஸ்பன் டயட் டிரிங்க்' என்ற கூட்டுக் கசாயம் ஆகியவை பாதரசத்தால் நொந்த உடலைத் தேற்றவும் வியர்வை உண்டாக்கவும் தரப்பட்டன. இந்த இனத்தில் நமக்கு அறிமுகமானது பறங்கிப்பட்டை. சீனத்திலிருந்து வந்து, 16-ஆம் நூற்றாண்டிலேயே கோவாவின் போர்த்துகீசியர் வழியாகப் புகழ்பெற்ற அந்த வேர், நம் மருத்துவத்தில் பறங்கிப்புண்ணுக்கே உரிய மருந்தாகி அந்தப் பெயரையும் பெற்றது. நோய்க்கு அயலான் பெயரைச் சூட்டுவதில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்; ஆங்கிலேயர் அதை பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து இன்னொரு மருந்தும் போயிற்று: பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஹெலனஸ் ஸ்காட், நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தை முதலில் தாமே குடித்துப் பார்த்து, பாதரசத்துக்கு மாற்றாக 1796-இல் அறிவித்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தாமஸ் பெடோஸ் அதை ஊக்கத்தோடு பரப்பினார். 1797-க்குப் பிந்தைய ஆங்கிலக் குறிப்பில் 'அமிலம்' வந்து, நோயாளியின் பல்லைப் பற்றிப் புலம்பல் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

விளம்பரத் தாள்களைப் படிப்பதற்கு வேறு கண் வேண்டும். சுவரில் ஒட்டியும் தெருவில் கையில் திணித்தும் கொடுக்கப்பட்ட இந்தத் தாள்கள் 'வீட்டிலிருந்தபடியே', 'மனைவிக்கும் தெரியாமல்', 'பாதரசம் இன்றி' என்ற மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். இதிலிருந்து, மக்கள் அஞ்சியது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளலாம்: வாரக்கணக்கில் மறைந்து கிடப்பதும், வீங்கிய முகமும் நாறும் வாயும் ஊருக்கே செய்தியைச் சொல்லிவிடுவதும்தான். ஐசக் ஸ்வெய்ன்சன் என்பவர் 'வெல்னோ' என்ற தாவரச் சாற்றை விற்றுப் பெருஞ்செல்வராகி, ட்விக்கன்ஹாமில் பெரிய தாவரத் தோட்டமே அமைத்தார். ஓவியர் ஹோகார்த் 1732-இல் வெளியிட்ட செதுக்குப் படத் தொடரின் ஐந்தாம் படத்தில், போர்வையில் சுற்றப்பட்டு ஓர் இளம்பெண் செத்துக்கொண்டிருக்க, இரு மருத்துவர்கள் தத்தம் மருந்துக்காகச் சண்டையிடுவார்கள். விழுந்த பற்கள் ஒரு தாளின் மேல் கிடக்கும், அந்தத் தாளில் அக்காலத்து விளம்பர மருத்துவர் ஒருவரின் பெயர் இருக்கும். பற்கள் எதனால் விழுந்தன என்று அன்றைய லண்டன்வாசிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பணத்தையும் தேடிப் படிக்க வேண்டும். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் 1763-இன் தொடக்கத்தில் லண்டனில் கிளாப் வந்து வாரக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடந்தார். நண்பரான அறுவை மருத்துவருக்கு அதற்காக ஐந்து கினி கொடுத்தார். ஒரு கினி 21 ஷில்லிங். வாழ்நாளில் அவருக்கு ஏறத்தாழ 19 முறை இந்நோய் வந்ததாக அவருடைய நாட்குறிப்பை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படி அறைக்குள் அடைந்து கிடக்க அவரால் முடிந்தது. கூலி வேலை செய்பவருக்கு அது இயலாது. பிரிட்டிஷ் கடற்படையில் 1795 வரை, மேகநோய்க்குச் சிகிச்சை பெற்ற மாலுமியின் சம்பளத்திலிருந்து 15 ஷில்லிங் பிடித்துக் கப்பல் மருத்துவருக்குக் கொடுத்தார்கள். ஆகவே பலர் மறைத்தார்கள். அந்த ஆண்டுக்கு முந்தைய கப்பல் பதிவேட்டில் நோயாளிகள் குறைவாக இருந்தால், நோய் குறைவு என்று கொள்ளக் கூடாது.

பெண்களைப் பற்றிய குறிப்புகள் மிகக் குறைவாகவும் மங்கலாகவும் இருக்கும். சாதாரண வெள்ளைப்படுதலையும் வெட்டையையும் பிரித்தறிய வழியில்லாததால், கணவனின் நடத்தையை விசாரித்தே பல மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அதையும் மனைவியிடம் சொல்லாமல் மறைத்தார்கள். குழந்தைகளுக்கென்று பாரிசின் வோஜிரார் மருத்துவமனையில் 1780 முதல் செய்தது தனிக் கதை: நோயுற்ற தாய்க்கு அல்லது பாலூட்டும் பெண்ணுக்குப் பாதரசம் கொடுத்து, தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கு மருந்து போகும் என்று நம்பினார்கள்.

கடைசியாக, 'குணமாயிற்று' என்ற சொல்லுக்கு வர வேண்டும். பாக்ஸின் முதல் புண் மருந்தே இல்லாமலும் மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் ஆறிவிடும். எச்சில் சிகிச்சையின் காலமும் ஏறத்தாழ அதுவே. பின்னர் வரும் தடிப்பும் தானாக மறையும். அதன்பின் நோய் பல ஆண்டுகள் உள்ளே ஒளிந்திருக்கும். ஆகவே களிம்பு தேய்த்து முடித்த மருத்துவர் புண் மறைந்ததைக் கண்ணால் பார்த்தார், பொய் எழுதவில்லை. இதைவிடச் சிக்கலான ஒரு பழக்கமும் இருந்தது. ஐயத்துக்கிடமான புண்ணுக்குப் பாதரசம் கொடுத்துப் பார்த்து, ஆறினால் அது மேகநோய், ஆறாவிட்டால் வேறு நோய் என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட குறிப்புகளில் மருந்து தோற்பதற்கே வழியில்லை. நோயின் பெயர்தான் மாறும்.

மருத்துவமனைப் பதிவேடுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். லண்டனில் வில்லியம் புரோம்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவரின் முயற்சியால் 1747-இல் திறக்கப்பட்ட லாக் மருத்துவமனை, மேகநோய்க்கென்றே நன்கொடையில் நடந்தது. நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் ஏழைகளுக்கு அங்கே கட்டணமில்லாமல் இடம் கிடைக்கும். அது வெளியிட்ட கணக்குகளில் குணமாகிச் சென்றவர்களின் எண்ணிக்கை பெருமையோடு அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் ஒருமுறை சிகிச்சை பெற்று வெளியேறியவரை மறுமுறை சேர்ப்பதில்லை என்பது அதன் விதிகளில் ஒன்று; திருந்தாதவருக்கு அறக்கொடை இல்லை என்ற எண்ணத்தில் எழுந்த விதி அது. நோய் மீண்டவர்கள் அந்தப் பதிவேட்டுக்குத் திரும்பி வரவே முடியாது. அவர்களைத் தேட வேண்டுமானால், அதே ஆண்டுகளின் ஏழையர் விடுதிப் பதிவேடுகளைத் திறக்க வேண்டும்.